கனரக பிக்கப் டிரக்கின் மைலேஜ் குறையும்போது: அறிகுறியைக் கொண்டு காரணம் தேடும் முறை

"வண்டி முன்பு கொடுத்த மைலேஜைக் கொடுப்பதில்லை" என்ற புகார் எப்போதும் ஒரே சொற்களில்தான் வருகிறது. காரணம்தான் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது. டயரில் காற்று குறைந்திருந்தாலும் இதே புகார், எரிபொருளை எஞ்சினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர் கசிந்தாலும் இதே புகார். முதலாவதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். இரண்டாவதற்குப் பெருந்தொகை செலவாகும். ஆகவே மைலேஜ் எப்போது குறையத் தொடங்கியது, எந்த வகை ஓட்டத்தில் குறைகிறது, அதனோடு சேர்ந்து வேறு என்ன தென்படுகிறது என்ற மூன்றையும் தெளிவாக்கிக்கொண்ட பிறகே கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. தலைப்புக்குள் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் வருகின்றன. இவ்வகை வண்டிகளில் டீசல் எஞ்சினே மிகுதி என்பதால் பெரும்பகுதி அதைப் பற்றியது. பெட்ரோல் எஞ்சினுக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறித்திருக்கிறேன்.

## எதற்கும் முன்பு: குறைந்தது மைலேஜா, கணக்கா?

டாஷ்போர்டு காட்டும் சராசரியை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அது எஞ்சினுக்குச் செலுத்தப்பட்ட எரிபொருளைக் கணினி தானே மதிப்பிட்டுச் சொல்லும் எண். பல வண்டிகளில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி நிரப்பும்போது பிடித்த லிட்டரால் அந்தத் தூரத்தை வகுத்துப் பெறுவதே நம்பத்தக்க எண். அதிலும் ஒருமுறை நிரப்பியதை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. டீசல் நுரைக்கக்கூடியது, பம்பின் கைப்பிடி தானாக நின்றுகொள்ளும் அளவு பம்புக்குப் பம்பு மாறும், பெரிய டேங்கில் இந்த வேறுபாடு சில லிட்டர் வரைகூடப் போகலாம். ஒரே பம்பில், கைப்பிடி முதன்முறை நின்றவுடன் நிறுத்தி, அடுத்தடுத்து மூன்று முறை நிரப்பி, மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுத்தால் இந்தப் பிழை பெருமளவு அடங்கிவிடும்.

அண்மையில் பெரிய டயர் மாட்டியிருந்தால் தூரமானியே குறைத்துக் காட்டும். டயரின் சுற்றளவு 5 விழுக்காடு கூடியிருந்தால், மீட்டரில் 500 கி.மீ. என்று தெரியும்போது வண்டி உண்மையில் 525 கி.மீ. ஓடியிருக்கும். 60 லிட்டர் செலவாகியிருந்தால் கணக்கில் 8.3 வரும், உண்மை 8.75. பெரிய டயர் எடையாலும் உருளும் தடையாலும் கொஞ்சம் எரிபொருளை விழுங்கத்தான் செய்யும். ஆனால் புகாரில் ஒரு பங்கு வெறும் மீட்டர் பிழை. டயரின் அளவை வண்டியின் கணினியில் திருத்திப் பதிவு செய்துவிட்டுப் பிறகு அளக்கவும்.

நிறுத்தியபடியே எஞ்சினை ஓடவிடும் நேரத்தையும் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் எஞ்சின் மொத்தம் ஓடிய மணிநேரமும், நின்றபடி ஓடிய மணிநேரமும் தனித்தனியே பதிவாகின்றன. பெரிய டீசல் எஞ்சின் நின்றபடி ஓடினால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏசியும் ஓடினால் இன்னும் கூடும். நாளுக்கு இரண்டு மணிநேரம் அப்படி ஓடும் வண்டியில் வேறு எந்தப் பழுதையும் தேடுவது வீண்வேலை.

எந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் மொத்த எடைத் தகுதி (சுமையோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த உச்ச எடை) 8,500 பவுண்டுக்கு, அதாவது சுமார் 3,856 கிலோவுக்கு மேற்பட்ட பிக்கப்புகளின் கண்ணாடியில் அரசு முறைப்படி அளந்த மைலேஜ் ஒட்டு இருப்பதில்லை. சட்டம் அதைக் கேட்பதில்லை. எனவே இத்தகைய வண்டிக்கு ஒப்பீட்டு எண் என்பது அதே வண்டி, அதே சாலையில், அதே சுமையோடு முன்பு கொடுத்த எண் மட்டுமே. அடுத்தவர் தம் வண்டியைப் பற்றிச் சொல்லும் எண்ணை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

## அறிகுறி 1: சில நாட்களுக்குள் திடீரென்று குறைந்தது

### வண்டியைச் சுற்றி டீசல் அல்லது பெட்ரோல் வாடை வருகிறது

முதலில் கசிவைத் தேடவும். இரவு நிறுத்தும் இடத்தில் அட்டையை விரித்து வைத்தால் காலையில் இடம் தெரிந்துவிடும். டேங்கின் மேற்பகுதி, எரிபொருள் ஃபில்டரின் மூடி, டேங்கிலிருந்து எஞ்சின் வரை செல்லும் குழாய்கள் ஆகியவற்றைப் பார்க்கவும். ஃபில்டரை அண்மையில் மாற்றியிருந்தால் அதன் ரப்பர் வளையம் சரியாக அமராததே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. பெட்ரோல் கசிந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

எஞ்சின்மேல் உள்ள உயரழுத்த உலோகக் குழாய்களில் ஈரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தொழில்முறை மெக்கானிக்கை அழைக்கவும். இன்றைய டீசல் எஞ்சின்களில் அந்தக் குழாயின் அழுத்தம் 2,000 பார் அளவுக்கு ஏறக்கூடியது; ஊசித்துளைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போகும். எஞ்சின் ஓடும்போது அங்கே கையால் தடவிப் பார்ப்பதும் திருகைத் தளர்த்துவதும் உயிருக்கு ஆபத்து.

### வாடை இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி முன்பைவிட விரைவில் நின்றுவிடுகிறது

பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். பதினைந்து இருபது நிமிடம் ஓட்டி, கடைசியில் பிரேக்கை இயன்றவரை தொடாமல் வண்டியை உருளவிட்டு நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு சக்கரங்களின் மையப்பகுதியையும் அளக்கவும். முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சூடாக இருப்பது இயல்பு; ஒரே அச்சில் இடதுக்கும் வலதுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதுதான் இயல்பல்ல. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சதை வெந்துவிடும்.

பிரேக் கட்டையை அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கான ஊசிகள் துரு ஏறி இறுகியிருப்பதே இதற்கு அடிக்கடி காணும் காரணம். கழற்றித் துடைத்து அதற்குரிய கிரீஸ் இட்டால் சரியாகும். அந்த ஊசிகள் நன்றாக நகர்ந்தும் சூடு குறையவில்லை என்றால் பிஸ்டன் இறுகியிருக்கும் அல்லது பிரேக் ஹோஸ் உட்புறம் உப்பி அடைத்திருக்கும். பார்க்கிங் பிரேக்கின் கேபிள் துருவால் திரும்பாமல் நிற்பதையும் விட்டுவிடக் கூடாது. சூட்டோடு சக்கரத்தில் உறுமும் ஒலியும் சேர்ந்து வந்தால் அது பிரேக் அல்ல, வீல் பேரிங். அதை மாற்றும்வரை நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம்.

### வண்டி உருள்வது சீராக இருக்கிறது, இழுவிசைதான் குறைந்திருக்கிறது

காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் காற்றுக் குழாய்களைப் பார்க்கவும். மேடேறும்போது மட்டும் "உஸ்" என்ற ஒலி வருவதும், ஹோஸ் இணையும் இடத்தில் எண்ணெய்ப் படலம் படிந்திருப்பதும் காற்று வெளியேறுவதற்கான அடையாளங்கள். முதலில் கிளாம்பை இறுக்கிப் பார்க்கவும். ஹோஸில் வெடிப்பு இருந்தால் மாற்றவும். கண்ணுக்கு எதுவும் படாவிட்டால் பணிமனையில் குழாய்க்குள் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். அது இன்டர்கூலரிலேயே உள்ள வெடிப்பையும் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, காற்றின் அளவைக் கணிக்கும் சென்சார். அதற்கென்றே விற்கும் தெளிப்பானால் மட்டும் கழுவ வேண்டும். துணியோ விரலோ அந்த மெல்லிய கம்பியில் படக் கூடாது. எண்ணெய் தடவிய மறுபயன்பாட்டு ஏர் ஃபில்டர் போட்ட வண்டிகளில் இந்தச் சென்சாரில் படலம் படிவதை அடிக்கடி பார்க்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் இழுவிசை திரும்பாவிட்டால் ஐயம் டர்போவின் உள்ளே நகரும் தகடுகள் மீதும், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பியனுப்பும் இஜிஆர் வால்வு மீதும் செல்கிறது. அவற்றை, வண்டிக் கணினியின் பிழைக்குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

## அறிகுறி 2: மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைந்தது

திடீர் வீழ்ச்சியில் ஒரு பழுதைத் தேடுகிறோம். மெல்லக் குறைவதில் பெரும்பாலும் மூன்று நான்கு சிறு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். எனவே ஒன்றைச் சரிசெய்து பெரிய மாற்றம் இல்லை என்று மற்றதை விட்டுவிடக் கூடாது.

டயர் அழுத்தம். வண்டி நகர்வதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பார்க்க வேண்டிய எண் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருப்பது. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயரின் உச்ச வரம்பு, அன்றாடப் பரிந்துரை அல்ல. இவ்வகை வண்டியில் பின் டயருக்கு 80 பி.எஸ்.ஐ. வரை கேட்பதும் உண்டு என்பதால், 60 இருந்தாலும் பார்வைக்கு டயர் நிறைந்தே தெரியும். கண்ணை நம்ப முடியாது. வெளி வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தமும் ஏறத்தாழ 2 விழுக்காடு குறையும் என்பதால் பருவம் மாறும்போது மறுபடி அளக்க வேண்டும்.

அலைன்மென்ட். டயரின் தடத்தின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியாகவும் வெளியிலிருந்து உள்ளாகவும் தடவவும். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல்லாகவும் உணர்ந்தால் சக்கரங்கள் நேர்கோட்டில் உருளவில்லை, பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு போகின்றன. வண்டியை உயர்த்தும் கிட் பொருத்திய பிறகு அலைன்மென்ட் செய்யாதவற்றில் இது மிகவும் சாதாரணம்.

தேங்கிய சுமை. கருவிப்பெட்டி, கூடுதல் டேங்க், சங்கிலிகள், இறக்க மறந்த மணல்மூட்டை என்று பின்தட்டில் சேர்ந்துகொண்டே போகும். எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தால் உரிமையாளரே வியப்பார். எடை நகரத்துக்குள்ளும் மேட்டிலும் மைலேஜைத் தின்னும். சமவெளி நெடுஞ்சாலையில் அவ்வளவாக அல்ல.

ஃபில்டர்கள். மைலேஜ் குறைந்தால் எல்லாரும் முதலில் ஏர் ஃபில்டரைத்தான் மாற்றுகிறார்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. கணினி கட்டுப்படுத்தும் இன்றைய பெட்ரோல் எஞ்சினில் அடைத்த ஏர் ஃபில்டர் வேகமெடுப்பதைக் கெடுக்குமே தவிர மைலேஜைப் பெரிதாகக் குறைப்பதில்லை. டர்போ டீசலிலும் அது முழுக்க அடைத்தால்தான் தெரியும். பல வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டியிலேயே அடைப்புமானி உண்டு. அது சிவப்பைத் தொட்டால் மாற்றவும், இல்லாவிட்டால் பணத்தை மிச்சப்படுத்தவும். எரிபொருள் ஃபில்டரோ வேறு கதை: அதை உரிய இடைவெளியில் மாற்றாவிட்டால் கெடுவது இன்ஜெக்டர்.

பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் இந்த இடத்தில் ஸ்பார்க் பிளக்குகளையும் ஆக்ஸிஜன் சென்சார்களையும் சேர்த்துக்கொள்ளவும். பழைய சென்சார் எச்சரிக்கை விளக்கை எரியவிடாமலே எரிபொருளைக் கூட்டிவிடுவது உண்டு. வாங்கும் எரிபொருள் மாறியிருக்கிறதா என்றும் பார்க்கவும்: 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் சுமார் 3 விழுக்காடு குறையும், எத்தனால் மிகுந்த இ85 எரிபொருளில் கால் பங்கு வரை போய்விடும்.

## அறிகுறி 3: நகரத்தில் பழைய மைலேஜ், நெடுஞ்சாலையில் மட்டும் குறைவு

முதலில் வேகத்தைக் கேட்க வேண்டும், கேட்பவருக்குப் பிடிக்காது என்றாலும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். மணிக்கு 90 கி.மீ.யிலிருந்து 110க்குப் போனால் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். உயர்ந்து அகன்ற முகம் கொண்ட பிக்கப்பில் இந்தச் சுமை சிறிய காரில் இருப்பதைவிட மிகப் பெரியது. ஒரு டேங்க் முழுவதையும் 90ஐத் தாண்டாமல் ஓட்டிப் பார்த்து மைலேஜ் திரும்பிவிட்டால் வண்டியில் பழுதில்லை.

வேகம் மாறவில்லை என்றால், பிறகு மாட்டியவற்றைப் பார்க்கவும்: கூரைத் தாங்கி, விளக்குப் பட்டை, உயர்த்தும் கிட், ஆழப் பள்ளமுள்ள சேற்று டயர். பின்கதவை இறக்கி ஓட்டினால் காற்று தடையின்றிப் போகும் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் கதவு மூடியிருக்கும்போது தட்டுக்குள் சுழலும் காற்று ஒரு மெத்தைபோல நின்று, கூரைமேல் வரும் காற்றை வழுக்கிப் போகவிடுகிறது. இறக்கினால் பயனில்லை, சில வண்டிகளில் மோசமாகவும் ஆகும்.

நான்கு சக்கர இயக்கத்துக்கான அமைப்பு முழுமையாக விடுபட்டிருக்கிறதா என்பது அடுத்தது. முன் சக்கரங்களின் மையத்தில் கையால் திருப்பிப் பூட்டும் ஹப் இருந்தால் இரண்டும் விடுவித்த நிலையில் இருக்க வேண்டும்; ஒன்று மட்டும் பூட்டியே கிடப்பதை யாரும் கவனிப்பதில்லை. நல்ல பிடிப்புள்ள தளத்தில் மெதுவாக முழு வளைவு எடுக்கும்போது முன் சக்கரங்கள் இறுகி இழுப்பதாகத் தோன்றினால் விசையை முன் சக்கரங்களுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் விடுபடவில்லை. அதே நிலையில் தொடர்ந்து ஓட்டினால் செலவு பெருகும்.

### சீரான வேகத்திலும் ஆர்பிஎம் முன்பைவிட உயர்ந்தே நிற்கிறது

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், எஞ்சினைத் திரவத்தின் வழியே கியர்பாக்ஸோடு இணைக்கும் டார்க் கன்வர்டர், சீரான வேகத்தில் பூட்டிக்கொள்ள வேண்டியது, பூட்டிக்கொள்ளவில்லை என்று ஐயுற வேண்டும். பின்னால் வண்டி வராத சமதளச் சாலையில், மணிக்கு 90 அளவில் ஆக்ஸிலரேட்டரை மாற்றாமல் வைத்துக்கொண்டு, பிரேக் மிதியை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் மெல்லத் தொடவும். பூட்டியிருந்தால் அது விடுபட்டு ஆர்பிஎம் சற்று எகிறி, பிறகு இறங்கும். எந்த மாற்றமும் இல்லை என்றால் அது முன்பே பூட்டியிருக்கவில்லை. பாரம் இழுப்பதற்கான டோ-ஹால் பொத்தான் அழுத்தியபடியே கிடக்கிறதா, கியர்பாக்ஸ் எண்ணெய் சரியான அளவில், எரிந்த வாடை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கு மேல் கியர்பாக்ஸ் தெரிந்தவரிடம் கொடுக்கவும். பி0741 என்ற பிழைக்குறியீடு பதிவாகியிருந்தால் தாமதிக்க வேண்டாம்.

வாங்கிய நாள் முதலே ஆர்பிஎம் உயர்வாக இருந்தால் அது பழுதல்ல, பின் அச்சின் கியர் விகிதம். 4.10 விகிதமுள்ள வண்டியின் எஞ்சின் 3.73 உள்ளதைவிட அதே வேகத்தில் சுமார் 10 விழுக்காடு கூடுதலாகச் சுழலும். பாரம் இழுக்காதவர் 4.10 வாங்கியிருந்தால் வருந்தலாம். மாற்றுவது மட்டும் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

## அறிகுறி 4: எஞ்சின் சூடேறத் தாமதமாகிறது, அல்லது குளிர்காலத்தில் மட்டும் குறைவு

குளிர்காலத்தில் சிறிது குறைவது இயல்பே: குளிருக்கென வரும் டீசலில் ஆற்றல் சில விழுக்காடு குறைவு, அடர்ந்த காற்று எதிர்ப்பைக் கூட்டும், எண்ணெய்கள் தடிக்கும். பத்து நிமிடத்தில் முடியும் பயணங்களே மிகுதி என்றால் எஞ்சின் ஒருபோதும் முழுச்சூட்டை எட்டாது; அவற்றைச் சேர்த்து ஒரே ஓட்டமாக ஆக்குவதுதான் மருந்து.

கோடையிலும் வெப்பமானி முள் நடுவுக்கு வராமல் நின்றால், அல்லது இறக்கத்தில் கீழே சரிந்தால், சூட்டுக்கேற்பக் கூலன்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தே நின்றுவிட்டது. குளிர்ந்த எஞ்சினை இயக்கி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கவனிக்கவும்: நல்ல தெர்மோஸ்டாட்டில் அது நெடுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டெனச் சூடாகும், பழுதானதில் தொடக்கத்திலிருந்தே மெல்லச் சூடேறிக்கொண்டு வரும். பி0128 குறியீடும் பெரும்பாலும் இதையே சொல்கிறது. மலிவான பாகம், ஆனால் எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் கணினி எரிபொருளைக் கூட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. கூலன்டை வடிக்கும் வேலையை எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே தொடங்கவும்.

ரேடியேட்டர் விசிறி எப்போதும் புயல்போல உறுமினால் விசிறியின் கிளட்ச் இறுகியிருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை இயக்கிய முதல் ஓரிரு நிமிடம் உறுமுவது இயல்பு. அதற்குப் பிறகும் அடங்காததுதான் பழுது.

## அறிகுறி 5: புகை

டிபிஎஃப் என்னும் புகைத்துகள் வடிகட்டி உள்ள வண்டியில் கரும்புகை வெளியே தெரியவே கூடாது. தெரிந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது யாரோ அகற்றியிருக்கிறார்கள். வடிகட்டி இல்லாத பழைய வண்டியில் கரும்புகை என்றால் காற்று போதவில்லை. அறிகுறி 1இல் சொன்ன காற்றுக்குழாய்ச் சோதனையிலிருந்து தொடங்கவும்.

வெண்புகை கண்ணை எரிக்கும் டீசல் வாடையோடு வந்தால் எரியாத எரிபொருள்; இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும். இனிப்பு வாடையோடு வந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது, வண்டியை நிறுத்திவிடவும். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவது. மைலேஜைவிடப் பெரிய கவலை அது.

புகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்ணெய்க் கம்பியை எடுத்துப் பார்க்கவும். எண்ணெய் குறைவதைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். டீசல் வண்டியில் அது ஏறியிருப்பதும் அபாயம். அளவு உச்சக்கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால் எரிபொருள் எண்ணெயில் கலக்கிறது. எண்ணெயை மாற்றி, காரணம் தெரியும்வரை ஓட்ட வேண்டாம்.

## அறிகுறி 6: டிபிஎஃப் அடிக்கடி தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது

சுத்தம் நடக்கும்போது எஞ்சின் கூடுதல் எரிபொருளைச் செலவிட்டுப் புகைப்போக்கியின் வெப்பத்தை 550 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கிறது. அந்த நேரத்தில் மைலேஜ் சரிவது இயல்பு. இரண்டு சுத்தங்களுக்கு இடைப்பட்ட தூரம் முன்பைவிடச் சுருங்கியிருக்கிறதா என்பதே கேள்வி.

முதற்காரணம் குறுகிய பயணங்களும், சுத்தம் பாதியில் இருக்கும்போதே எஞ்சினை அணைப்பதும். வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரத்துக்கு மேல் சீரான வேகத்தில் ஓட்டிப் பார்க்கவும். சுத்தம் நடக்கும்போது உலர்ந்த புல்லின் மேல் நிறுத்த வேண்டாம், தீப்பிடிக்கும். ஓட்டமுறை சரியாக இருந்தும் இடைவெளி சுருங்கினால், எஞ்சின் அளவுக்கு மிஞ்சிக் கரியை உண்டாக்குகிறது. வடிகட்டி அந்தக் கரியை மறைத்துவிடுவதால், பழைய வண்டியில் கரும்புகையாகத் தெரிந்திருக்கும் காற்றுக்கசிவு இங்கே அடிக்கடி நிகழும் சுத்தமாகத்தான் வெளிப்படும். அதைத் தேடாமல் வடிகட்டியை மாற்றினால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியவற்றில், எரிக்க முடியாத சாம்பல் நிறைந்திருக்கலாம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய அதற்குரிய கருவி உள்ள பணிமனைக்கே போக வேண்டும். வடிகட்டியை அடியோடு எடுத்துவிடும்படி சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். பல நாடுகளில் அது குற்றம்.

## அறிகுறி 7: டிரெய்லர் இழுக்கும்போது மட்டும் பாதியாகிவிடுகிறது

உயரமான பெட்டி டிரெய்லர் என்றால் பாதியாவது பழுதே அல்ல. எடையைவிட அதன் முகப்புப் பரப்புதான் எரிபொருளைத் தின்கிறது. அதே எடையுள்ள தாழ்வான டிரெய்லரிலும் பாதியானால் மட்டும் டிரெய்லரின் சக்கர மையங்களை வெப்பமானியால் அளந்து, பிரேக் பிடித்திருக்கிறதா, பேரிங் இறுகியிருக்கிறதா என்று பார்க்கவும். அதன் டயர் அழுத்தத்தை அளப்பவர் குறைவு.

## மேற்கண்ட எதிலும் அகப்படாதபோது

எஞ்சியிருப்பவை இன்ஜெக்டர், உயரழுத்த பம்ப், டர்போ, எஞ்சினின் உள் தேய்மானம். இவற்றை ஊகித்து மாற்றக் கூடாது. பாகத்தை மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரும் மற்றவற்றோடு சமமாக இயங்குகிறதா என்ற அளவு, இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் டீசலின் அளவு, கூலன்டின் உண்மை வெப்பநிலை, டர்போ அழுத்தத்தில் கணினி கேட்டதும் உண்மையில் கிடைத்ததும் ஆகிய எண்களைக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேட்கவும். காட்ட மறுப்பவரிடம் இன்ஜெக்டர் வேலையைக் கொடுக்க வேண்டாம். டேங்க் நிரப்பிய கணக்கு, அளந்த டயர் அழுத்தம், சக்கர வெப்பநிலை, இறுக்கிய கிளாம்புகள் ஆகியவற்றை எழுதிய தாளை நீங்களும் கொடுத்தால், நீங்கள் செய்து முடித்த சோதனைகளுக்கு மறுபடி கூலி கொடுக்க நேராது.